பத்து வேஷம், ஒரு முகம்

புகைப்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை நம்மிடையே வெகு காலமாக இருந்து வருகிறது. சித்திரக்காரன் மூக்கை நீட்டுவான், கண்ணைப் பெரிதாக்குவான். காமிரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்பார்கள். ஆனால் கல்யாணத் தரகர் கொண்டுவந்து காட்டும் பெண்ணின் போட்டோவிடம் மட்டும் யாரும் இந்த நம்பிக்கையை வைப்பதில்லை. அந்தப் போட்டோவில் பெண் எப்படி நிற்க வேண்டும், தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், கை பூஞ்சாடியின் மேல் இருக்க வேண்டுமா, நாற்காலியின் முதுகில் இருக்க வேண்டுமா என்பதெல்லாம் அவள் ஸ்டூடியோவுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயங்கள். அவள் போய் நிற்கிறாள், அவ்வளவுதான். படத்தில் இருப்பது ஒரு பெண் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் முதலில் இருந்தது அந்த நிற்கும் மாதிரி. பெண் பிறகு வந்து அதில் பொருந்திக்கொண்டவள்.

இந்த மாதிரியைப் பிரித்துப் பார்ப்பதற்கு, அதைச் செய்து கொடுத்த அதே காமிராவையே கருவியாக எடுத்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலும் பெண்கள். அவர்களில் நமக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பவர் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா. 1956ல் அங்கேயே பிறந்தவர். பரோடா பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்று, சிற்பியாகவே தம் கலை வாழ்க்கையைத் தொடங்கியவர். 1990களின் நடுவில் அவர் காமிராவின் பக்கம் வந்தார். வந்தவர் காமிராவின் பின்னால் போய் நிற்கவில்லை. முன்னால் போய் நின்றார். தாமே வேஷம் கட்டிக்கொண்டு, பிறரைப் படம் எடுக்கச் செய்தார். 1996க்கும் 1998க்கும் இடையில் பம்பாய் வீதிகளில் எடுத்த ஒரு படக்கதையில் அவர் முகமூடி அணிந்த சாகசக்காரி. 1935ல் ‘ஹண்டர்வாலி’ படத்தில் சாட்டையைச் சுழற்றி வந்த நாடியாவை அறிந்தவர்களுக்கு அந்த வேஷத்தின் பூர்வீகம் விளங்கும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்குப் பிறகு வந்த பெரிய தொடர். 2000க்கும் 2004க்கும் இடையில், பெங்களூரில் வசிக்கும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து அவர் செய்தது. தலைப்பைத் தமிழில் சொல்வதானால், ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: நடை உடை பாவனைகளும் வழக்கங்களும்’ என்று சொல்லலாம். ஆனால் ‘சுதேசி’ என்றால் அந்தத் தலைப்பின் கசப்பு போய்விடுகிறது. மூலத்தில் உள்ள சொல் ‘நேட்டிவ்’. வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்துச் சொன்னபோது அது ஒரு வசவு. நாமோ அதை வாங்கி, சலவை செய்து, ‘உங்களுக்கு நேட்டிவ் எது?’ என்று ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பிரியமாக விசாரிக்கும் சொல்லாக்கிவிட்டோம். வசவு எப்படிச் சொந்த ஊரானது என்று யாரும் யோசிப்பதில்லை. புஷ்பமாலாவின் தலைப்பு அந்தப் பழைய வசவை வேண்டுமென்றே மறுபடி எடுத்து வைக்கிறது.

*

ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1868லிருந்து 1875 வரையில் இந்திய ஜனங்களைப் பற்றி எட்டுப் பாகங்களில் ஒரு புகைப்பட நூல் வெளிவந்தது. நானூற்றுக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஜாதியின் பெயரும் குணமும் இருக்கும். பெரும்பாலும் ஆளின் பெயர் இராது. 1869ல் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு மரச்சட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதன் முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், எந்த தேசத்து மனித உடம்பையும் எந்த தேசத்து உடம்போடும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. துணிக்கடையில் கஜக்கோல் எதற்கோ, அதற்குத்தான் அந்தக் கட்டம்.

நம் சென்னையிலேயே இந்த வேலை மும்முரமாக நடந்தது. 1885 முதல் 1908 வரை எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கின் நீள அகலத்தையும் மண்டையின் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்வதில் தீராத ஆசை உள்ளவர். நீலகிரித் தோடர்களையும் கோத்தர்களையும் பற்றி 1896ல் மியூசியம் வெளியீடாக ஒன்று கொண்டுவந்தார். 1909ல், ரங்காசாரியாரின் துணையோடு, தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய ஏழு பாகங்களை வெளியிட்டார். தகவலுக்கு இன்றும் அவற்றைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களில் நிற்கிற மனிதர்கள் ஒருவரும் அவ்வாறு நிற்கவேண்டும் என்று விரும்பி நின்றவர்கள் அல்ல என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

புஷ்பமாலா இந்த வம்சாவளியை நன்றாக அறிந்தவர். அவருடைய தொடரில் முக்கியமான படங்கள் பத்து. ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கிற ஒரு படத்தின் மறு அவதாரம். மூன்று ரவிவர்மாவைச் சேர்ந்தவை: 1889ல் அவர் தீட்டிய நிலவொளிப் பெண், குளத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் திரும்பும் பெண், அவருடைய அச்சகத்திலிருந்து வந்த லக்ஷ்மி. பிறகு வேளாங்கண்ணி மாதா. பீஜப்பூர் ஓவியத்து யோகினி. கட்டங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட தோடப் பெண். 1970களின் தமிழ் சினிமா ஸ்டில் ஒன்றிலிருந்து, கையில் சாட்டையுடன் ஜெயலலிதா. 1990களின் கன்னட சினிமா சரசக் காட்சி. மேரி எல்லன் மார்க் 1989ல் எடுத்த சர்க்கஸ் படம். கடைசியாக, 2001ல் செய்தித்தாளில் வெளியான குற்றவாளிப் பெண்களின் படம்.

இந்த ஜாபிதாவை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். தெய்வம், குற்றவாளி, நட்சத்திரம், மலைவாசி, சர்க்கஸ்காரி. இவர்களை ஒரே சுவரில் ஒரே வரிசையில் மாட்டுவதற்கு நம் வீட்டில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். லக்ஷ்மிக்குப் பூஜை அறை. நட்சத்திரத்துக்குச் சலூன் கண்ணாடியின் மேல்புறம். குற்றவாளிக்குப் போலீஸ் ஸ்டேஷன் பலகை. இடத்தைப் பிரித்து வைத்திருப்பதால்தான் எல்லாம் வேறு வேறு என்று தோன்றுகிறது. புஷ்பமாலா அந்தச் சுவர்களை எடுத்துவிட்டார். எடுத்த மாத்திரத்தில் ஒன்று தெரிகிறது. எல்லாரும் யாரோ சொன்னபடிதான் நிற்கிறார்கள்.

*

லக்ஷ்மியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ரவிவர்மா 1894ல் பம்பாய்ப் பக்கத்தில் அச்சகம் தொடங்கிய பிறகு, கோயிலுக்குள் போக முடிந்தவர்கள், முடியாதவர்கள் எல்லார் வீட்டிலும் தெய்வம் காகிதமாக வந்து உட்கார்ந்தது. அது ஒரு நல்ல காரியம் என்றே நான் நினைக்கிறேன். பிற்பாடு நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சிஷ்யர்களும் எழுதிய படங்கள் சிவகாசியில் அச்சாகிக் கடைக்குக் கடை தொங்கின. இப்படி ஒரு நூறு வருஷத்தில் ஒரு முகம் நிலைத்துவிட்டது: உருண்டை முகம், வெளுப்பு நிறம், அளவான புன்னகை, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நம்மையே பார்க்கிற கண். அதற்கப்புறம் ‘மகாலக்ஷ்மி மாதிரி இருக்கிறாள்’ என்று ஒரு பெண்ணைச் சொன்னால், அவளை எந்தத் தெய்வத்தோடு ஒப்பிடுகிறோம்? காலண்டரோடு ஒப்பிடுகிறோம். கறுப்பாக, ஒல்லியாக, முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கிற பெண்ணை யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள்.

புஷ்பமாலாவின் லக்ஷ்மி இந்தக் காலண்டரை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறாள். ஆனால் படத்தை மறுபடியும் உடம்பாக்கும்போது சில சங்கடங்கள் முளைக்கின்றன. தெய்வத்துக்கு நான்கு கை; மனுஷிக்கு இரண்டுதான். தெய்வத்துக்குத் தாமரையில் நிற்பது சிரமமில்லை. மனுஷிக்குக் கால் வலிக்கும். பின்னால் விரிகிற உலகம் கையால் தீட்டிய திரைச்சீலை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. எல்லாவற்றையும் விட, முகம். அது காலண்டர் முகம் அல்ல. நாற்பதைத் தாண்டிய, படித்த, எதையோ யோசித்துக்கொண்டிருக்கிற ஒரு நகரத்துப் பெண்ணின் முகம். கிரீடத்துக்குக் கீழே அந்த முகம் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. வேஷத்துக்கும் முகத்துக்கும் இடையில் ஒரு விரற்கடை சந்து விழுகிறது. புஷ்பமாலாவின் விமரிசனம் முழுவதும் அந்தச் சந்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துரௌபதையாக வருகிறவர் நமக்குத் தெரிந்த ஆண்தான். காலையில் ஏர் பிடித்தவர். அது தெரிந்துகொண்டேதான் அவர் அழும்போது நாமும் அழுகிறோம். நடுவில் கட்டியங்காரன் வந்து எல்லாவற்றையும் கேலி செய்துவிட்டுப் போகிறான், கூத்து கெட்டுப்போவதில்லை. வேஷம் வேஷம்தான் என்று தெரிந்திருப்பது ரசனைக்கு இடைஞ்சல் இல்லை என்பதை நம்முடைய கிராமத்து ஜனங்கள் எந்த மேல்நாட்டுத் தத்துவமும் இல்லாமலே அறிந்து வைத்திருந்தார்கள். சினிமாவும் காலண்டரும்தான் அந்த அறிவை மழுக்கிவிட்டன. இந்தத் தொடருக்குள்ளேயே, படம் எப்படித் தயாரானது என்று காட்டுகிற படங்களைத் தனி வரிசையாகச் சேர்த்திருக்கிறார் புஷ்பமாலா. அந்த வரிசைதான் அவருடைய கட்டியங்காரன்.

சாட்டைப் படம் வேறு வகையில் சுவாரஸ்யமானது. ஒரு நடிகையின் கையில் சாட்டையைக் கொடுத்து, அதிகாரம் உள்ளவள் போல நிற்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அவள் சாட்டை வைத்திருக்கிறாள் என்பதற்காக யாரும் பயப்படப் போவதில்லை. அந்தக் கோபமும் ரசிகர்களின் சந்தோஷத்துக்காகப் போட்ட உடை. ஆனால் இந்த ஸ்டில்லில் இருந்தவர் 1991ல் முதல் மந்திரியானார். புஷ்பமாலா இந்தத் தொடரைச் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் பெரும்பகுதியிலும் கோட்டையில் அவர் கட்சியின் ஆட்சி நடந்தது. நடிகையாக இருந்தபோது உடம்பைக் காட்டச் சொன்ன அதே தமிழகம், பிறகு அவரை ‘அம்மா’ என்று மட்டுமே பார்க்கச் சம்மதித்தது. அவரும் உடம்பு தெரியாத ஓர் அங்கியைத் தோளில் போர்த்திக்கொண்டு மேடையில் வந்து அமர்ந்த காலம் உண்டு. ஒரு பெண் பொதுவாழ்வில் இருப்பதற்கு நாம் வைத்திருக்கிற இரண்டு ஆசனங்கள் இவைதாம்: ஒன்று பார்க்கப்படுகிறவள், இன்னொன்று தாய். மூன்றாவதாக ஓர் ஆசனம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஸ்டில்லின் பழைய அர்த்தமும் புதிய அர்த்தமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்படி புஷ்பமாலா செய்துவிடுகிறார். இத்தனைக்கும் அவர் செய்தது அதே மாதிரி உடுத்திக்கொண்டு அதே மாதிரி நின்றதுதான்.

*

இதெல்லாம் சரி, ஆனால் அதே மாதிரி நின்றால் அதே மாதிரிதானே பார்ப்பார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கள்ளைக் குடிக்காதே என்று சொல்வதற்காக ஒரு குடம் கள்ளை நடுத்தெருவில் வைத்த கதையாக ஆகிவிடாதா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் இவருக்கு முன்பே எழுந்ததுதான். ஸிண்டி ஷெர்மன் என்ற பெண், தம் இருபத்து மூன்றாம் வயதில், 1977ல், ஒரு வரிசைப் படங்களைத் தொடங்கினார். 1980 வரையில் சுமார் எழுபது. கறுப்பு வெள்ளையில், சினிமா விளம்பர ஸ்டில் அளவில். எல்லாவற்றிலும் அவர்தாம். ஒன்றில் குடும்ப ஸ்திரீ, ஒன்றில் அனாதரவாய்ப் பட்டணத்துக்கு வந்தவள், ஒன்றில் காதலனால் கைவிடப்பட்டவள். எங்கேயோ பார்த்த படம் போல இருக்கும். ஆனால் அப்படி ஒரு படமே கிடையாது. பெயர்கள் கிடையாது, நம்பர்தான். 1995ல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அந்த வரிசையை முழுதாக வாங்கிக்கொண்டது.

இடையில் 1981ல் ஒரு கலைப் பத்திரிகை அவரிடம் நடுப்பக்கத்துக்குப் படங்கள் கேட்டது. நடுப்பக்கம் என்றால் ஆண்களுக்கான பத்திரிகைகளில் எந்த மாதிரிப் படம் வரும் என்பது தெரிந்ததே. ஷெர்மன் அந்த அளவிலேயே, அந்தக் கோணத்திலேயே, மேலிருந்து பார்க்கிற பார்வையிலேயே படங்கள் எடுத்தார். தரையில் கிடக்கிற பெண். படுக்கையில் போர்வையை இழுத்துக்கொள்கிற பெண். கண்ணில் ஆசை இல்லை; பயமும் களைப்பும் இருந்தன. பத்திரிகை அவற்றை வெளியிடவில்லை. தவறாக அர்த்தம் பண்ணிக்கொள்ளப்படலாம் என்று தயங்கினார்கள்.

தயங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஷெர்மனின் பலம் அவர் மறைந்துவிடுவது. எழுபது படங்களிலும் அவர் முகத்தை நீங்கள் கையில் பிடித்துக்கொள்ள முடியாது. இத்தனை பெண்களும் ஒருத்தி என்றால், இத்தனை பெண்களும் வெறும் மாதிரிகள் என்றாகிறது. ஆனால் ஒரே ஒரு படத்தைத் தனியாகப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அழகான ஒரு பெண், கஷ்டத்தில் இருக்கிறாள், பார்க்க நன்றாக இருக்கிறது என்று நினைப்பான். வரிசை கலைந்தால் விமரிசனமும் கலைந்துவிடும்.

புஷ்பமாலாவிடம் இந்த அபாயம் குறைவு. அவர் மறைவதில்லை. நிலவொளியில் தண்ணீர்க் கரையில் இருந்தாலும், தாமரையில் நின்றாலும் அந்த முகம் அந்த முகம்தான். ஒரே ஒரு படத்தைப் பிய்த்து எடுத்தாலும் வேஷப் பொருத்தத்தின் போதாமை அதிலேயே இருக்கிறது. நாம் சிரிக்கிறோம். சிரித்த பிறகு அசலைப் பார்க்கப் போனால், அசலிலும் அந்தப் பொருத்தக் குறைவு தெரிய ஆரம்பித்துவிடுகிறது. ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணுக்கும் அங்கே உட்கார்ந்திருப்பதில் இஷ்டம் இல்லையோ என்று சந்தேகம் வருகிறது. நல்ல போலி இப்படித்தான் அசலைக் கெடுக்க வேண்டும்.

*

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது தோடப் பெண்.

ரவிவர்மாவின் பெண்ணும், லக்ஷ்மியும், சினிமா நட்சத்திரமும் நம் எல்லாருடைய மனத்திலும் இருக்கிறவர்கள். அவர்களை எடுத்து உடுத்திக்கொள்ள புஷ்பமாலாவுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர்களால் அடிபட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் கட்டங்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட தோடப் பெண் கற்பனை அல்ல, மாதிரியும் அல்ல. ஒரு நாள் காலையில் மந்தில் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி நிறுத்தப்பட்ட ஒரு மனுஷி. அவள் பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. படத்துக்குக் கீழே ஜாதிப் பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, பெயரும் புகழும் உள்ள ஒரு நகரத்துக் கலைஞர் அவள் வேஷத்தைக் கட்டிக்கொண்டு அதே கட்டங்களுக்கு முன்னால் நிற்கிறார். இப்போதும் படத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. கலைஞருக்குத்தான் இருக்கிறது.

இதற்குப் பதில் சொல்ல முடியும். அவர் நடிப்பது அந்தப் பெண்ணை அல்ல, அந்தக் கட்டத்தை என்று சொல்லலாம். கேலிக்கு ஆளாவது அளவுகோல்தான், அளக்கப்பட்டவள் இல்லை. அதே தொடரில், தோடப் பெண்ணை எந்தக் கண்ணால் பார்த்தார்களோ அந்தக் கண்ணாலேயே மற்றப் பாத்திரங்களையும் பார்க்கிற சிறிய பழுப்புப் படங்கள் உண்டு. தெய்வத்தையும் நட்சத்திரத்தையும் மலைவாசியையும் ஒரே கோலால் அளந்தால் அளவுகோலின் அசட்டுத்தனம் வெளியாகிறது என்பது வலுவான வாதம். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை. லக்ஷ்மியின் கிரீடத்தைக் கழற்றி வைத்தால் புஷ்பமாலா புஷ்பமாலாவாக வீடு திரும்பலாம். கட்டங்களின் முன் நின்ற அந்தப் பெண்ணுக்குக் கழற்றி வைக்க வேஷம் இல்லை. அது அவள் உடம்பு. நீலகிரியில் தோடர்கள் இன்றும் சுமார் இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பூத்துக்குளியில் போடுகிற சிவப்பும் கறுப்புமான பூவேலைக்கு 2013ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி அந்தப் பழைய கட்டத்தை எடுத்து வைத்து, தானாக ஒரு படம் எடுத்தால் அது எப்படி இருக்கும்? புஷ்பமாலாவின் படம் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. பதில் அவரிடமிருந்து வர முடியாது.

உடம்பு வேஷமாக இல்லாமல் உடம்பாகவே வந்து நிற்கிற படங்களுக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும். லண்டனில் ஜோ ஸ்பென்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1934ல் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர். கடைத்தெருவில் கல்யாணப் படமும் குடும்பப் படமும் எடுத்துப் பிழைத்தவர். ஆகையால் நிற்கும் மாதிரிகளின் ரகசியம் அவருக்குக் கைப்பாடம். தம் குடும்ப ஆல்பத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எது இல்லை என்று தேடினார். வியாதி இல்லை, சண்டை இல்லை, வேலை செய்கிற கை இல்லை. சிரிப்பு மட்டும் இருந்தது. 1979ல் அந்தத் தேடலைப் படவரிசையாகக் காட்சிக்கு வைத்தார். 1982ல் அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தம்மைக் கேட்காமலே தம் உடம்பைப் பற்றித் தீர்மானம் நடப்பதை அவர் கண்டார். அறுவை சிகிச்சைக்கு முன் தம் மார்பின் மேலேயே ‘ஜோ ஸ்பென்ஸின் உடைமையா?’ என்ற பொருள்பட எழுதிக்கொண்டு ஒரு படம் எடுத்துவைத்தார். அந்தக் கேள்விக்குறியைக் கவனிக்க வேண்டும். என்னுடையது என்று அவர் கோஷம் போடவில்லை, கேட்கிறார். ஐம்பது வயதை நெருங்கிய பெண்ணின் உடம்பு. விளம்பரத்துக்கும் ஆகாது, காலண்டருக்கும் ஆகாது. அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்கு ஆசை வராது, அருவருப்பும் வராது. தன் உடம்பு யாருடையது என்ற எண்ணம் வரும். 1992ல் காலமாகும் வரையில் அவர் தம் உடம்பைப் படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

புஷ்பமாலா, ஷெர்மன், ஸ்பென்ஸ் மூவரில் யார் உயர்த்தி என்று தரம் பிரிக்க நான் வரவில்லை. ஷெர்மன் மாதிரி வெறுமை என்று காட்டினார். புஷ்பமாலா அந்த வெறுமைக்குச் சரித்திரம் உண்டு, ஜாதி உண்டு, சர்க்கார் உண்டு, பக்தியும் உண்டு என்று காட்டினார். அது நமக்கு மிகவும் வேண்டிய பாடம். ஏனென்றால் நம் ஊரில் பெண் உடம்பைச் சரக்காக்குவது ஆபாசத்தால் மட்டும் நடப்பதில்லை, கும்பிட்டுக்கொண்டும் நடக்கிறது. ஸ்பென்ஸோ மாதிரிக்கு அடியில் வலிக்கிற உடம்பு ஒன்று இருக்கிறது என்று காட்டினார். மூன்றும் தேவைப்படுகின்றன.

*

கதை எழுதுகிறவன் புகைப்படத்தைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு இது கைவேலை சம்பந்தமான விஷயம். நம் இலக்கியத்தில் பெண்ணை வர்ணிப்பதற்குப் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று இரண்டு வழிகள் உண்டு. அடியிலிருந்து முடி வரை, அல்லது முடியிலிருந்து அடி வரை. புலவர்கள் அதில் அழியாத அழகுகளைச் செய்திருக்கிறார்கள். தெய்வத்தின் முன் நிற்கும் பக்தன் அடியில் தொடங்குவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த மரபு நாவலுக்குள் நுழைந்து, கதாநாயகி வாசற்படியில் தோன்றியவுடனே ஒரு பாரா அவளை அளந்துவிட்டுத்தான் பேச விடும் என்றாகும்போது, அது லாம்ப்ரேயின் நூல் கட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கதாநாயகனை யாரும் அப்படி அளப்பதில்லை. அவன் வந்தவுடன் ஒரு காரியம் செய்கிறான்; அல்லது ஒரு வார்த்தை பேசுகிறான்.

அழகை எழுதக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களின் கதைகளைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. ரவிவர்மாவின் நிலவொளியும் அழகுதான். அதைக் கேலி செய்கிற புஷ்பமாலாவின் படத்திலும் அந்த நிலவின் மேல் ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசை இல்லாதவருக்கு இவ்வளவு சிரத்தையாக வேஷம் கட்ட வராது. என் கோரிக்கை சிறியது. வர்ணனை எழுதும்போது, பார்க்கிறவன் யார் என்பதும் அந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும். அவன் எங்கே நிற்கிறான், என்ன வேண்டும் அவனுக்கு, அவள் வேறு மாதிரி நிற்க நினைத்தால் விடுவானா என்பது தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் எத்தனை அழகாக வேண்டுமானாலும் எழுதலாம்.

2019ல் சென்னையில் நடந்த புகைப்பட விழாவுக்குப் புஷ்பமாலாவே பொறுப்பேற்றார். கடற்கரையோரம் உள்ள செனட் ஹவுஸ் முதலிய இடங்களில் உலகத்தின் பல பகுதிப் படங்கள் மாட்டப்பட்டன. தர்ஸ்டன் மூக்கு அளந்த அதே ஊர். அவருடைய தென்னிந்தியப் பெண்கள் தொடரைப் பார்க்கும் வாய்ப்பு எங்கே கிடைத்தாலும் வாசகர்கள் போய்ப் பார்க்க வேண்டும். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். திரும்பி வந்து வீட்டு ஆல்பத்தை எடுத்து, அம்மாவும் அத்தையும் ஸ்டூடியோவில் நிற்கிற படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்கட்டும். அந்தக் கை ஏன் நாற்காலியின் முதுகில் இருக்கிறது என்று அவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் கேட்கவும் கேட்கலாம். பெரும்பாலும் பதில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.